அசையாமல் வைக்கக் கூடாத எலும்பு

மோவாயில் பிளாஸ்திரி ஒட்டிய பிள்ளையைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு, கல்யாண மண்டபப் பந்தி, ரேஷன் கடை வரிசை, எங்கே என்றாலும் சரி, முன்பின் தெரியாத தாயிடம் போய் “புள்ள வாயை நல்லாத் திறக்குதாம்மா?” என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் முறைக்கிறார்கள். மீதிப் பேர் “சின்ன வெட்டுதாங்க, தையல் போட்டாச்சு” என்று முடித்துக்கொள்கிறார்கள். “இல்லம்மா, திறந்து காட்டச் சொல்லுங்க, கோணாமத் திறக்குதான்னு பாருங்க” என்று நான் ஆரம்பித்தால் என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள். நான் டாக்டர் இல்லை. திருமங்கலம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்துகிறவன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பேசாமல் இருக்க என்னால் ஆவதில்லை. காரணம் என் தங்கச்சி மகள்.

அவளுக்கு நாலு வயதில் நடந்தது. மாப்பிள்ளை வண்டி ஓட்டுகிறார், பாப்பா முன்னால் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கிறாள். நம் ஊரில் மொபெட்டில் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடமே அதுதான். செக்கானூரணி தாண்டி ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்த வேகத்தில் பிள்ளையின் மோவாய் ஹேண்டில்பாரில் போய் மோதியது. தோல் பிளந்து ரத்தம் கொட்ட, பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுத்தம் செய்து தையல் போட்டார்கள், டிடி ஊசி போட்டார்கள், சிரப் எழுதிக் கொடுத்தார்கள். வாந்தி எடுத்தாளா, மயங்கினாளா என்று தலைக்காயத்துக்குக் கேட்கவேண்டிய கேள்விகளையும் கேட்டிருக்கிறார்கள். காதுக்கு முன்னால் மட்டும் யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை. தையல் பிரித்தபோது மோவாய்க்கு அடியில் ஒரு கோடு, அவ்வளவுதான். “முகத்துல ஒண்ணும் தெரியல, சாமி காப்பாத்துச்சு” என்று சொந்தபந்தமெல்லாம் நிம்மதியானது.

அந்த வாரங்களில் அவளைப் பார்த்துக்கொண்டது என் அம்மா. அம்மாவுக்கு எலும்பு வைத்தியத்தில் ஒரே விதிதான்: அசையக் கூடாது. அப்பாவுக்குக் கால் முறிந்தபோது உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய வைத்தியரிடம் அவள் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. கட்டுப் பிரிக்கும்வரை அப்பா கட்டிலைவிட்டு இறங்கவில்லை. பிறகு கடைசிவரை வயலுக்கு நடந்துதான் போனார். கண்ணால் கண்ட வைத்தியத்தை யார் எதிர்த்துப் பேசுவது? பாப்பாவின் வாய்க்கு அம்மா கட்டுப் போடவில்லை. மோவாயிலிருந்து உச்சிக்குத் துணி சுற்றுவது பிணத்துக்குச் செய்கிற காரியம், உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செய்ய அவள் மனம் ஒப்பாது. ஆனால் “பேசாம கெட ஆத்தா, சிரிக்காத, மெல்லாத” என்று அதட்டியே கட்டிப்போட்டாள். கஞ்சியும் குழைந்த பருப்புச் சோறும் ஊட்டினாள். வலியில் இருந்த பிள்ளைக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. வலி போன பிறகும் வாயைப் பெரிதாகத் திறக்கிற பழக்கம் அவளிடம் திரும்பவில்லை.

இதில் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எலும்பு முறிவு என்று கரும்பலகையில் நான் வரைவதும் கால் எலும்பைத்தான். முறிந்த இடத்தில் ரத்தம் உறையும், அதன்மேல் குருத்தெலும்பு சேர்ந்து ஒரு முண்டு கட்டும், அந்த முண்டு எலும்பாக இறுகும், பிறகு மாதக்கணக்கில் உடம்பே அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். இதெல்லாம் நடக்க இரண்டு முனைகளும் ஆடாமல் இருக்கவேண்டும். நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைப்பதும், ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுவதும் அதற்காகத்தான். பெரியவர்களுக்குத் தாடையின் உடல்பகுதி முறிந்தால்கூட இதே கதைதான். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் பிணைத்து வாரக்கணக்கில் வாயை மூடி வைப்பார்கள், இப்போது டைட்டானியம் தகடு வைத்துத் திருகுகிறார்கள். ஆக, அம்மாவின் விதி மூடநம்பிக்கை இல்லை. உடம்பில் முக்கால்வாசி எலும்புக்குப் பொருந்துகிற விதி. மீதி இருக்கிற இடங்களில் ஒன்றில்தான் எங்கள் பிள்ளைக்கு அடிபட்டிருந்தது.

வீட்டில் யாருக்கும் ஒரே நாளில் தெரிந்த விஷயம் அல்ல இது. ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது டிபன் பாக்ஸ் பாதி அப்படியே திரும்பி வரும். இட்லியைப் பிய்த்து, இரு விரலால் நசுக்கித் தட்டையாக்கி, பல்லுக்கு இடையில் தள்ளுவாள். பணியாரம் என்றால் நாலாகப் பிய்ப்பாள். முறுக்கைக் கடிக்கமாட்டாள், உடைத்துப் பொடியாக்கி நக்குவாள். “வாய் சின்ன வாய், அடக்கமான பொண்ணு” என்று ஒரு சித்தி பாராட்டினாள். டூத் பிரஷ் உள்ளே போகாமல் கடைவாய்ப் பற்கள் கறுத்தன. ராத்திரியில் பெரிய ஆள் போலக் குறட்டை விடுவாள், “அப்பனைக் கொண்டு பொறந்திருக்கா” என்று சிரித்தோம். மோவாய் கொஞ்சம் வலது பக்கமாக ஒதுங்கியது. இடது கன்னம் தட்டையாகத் தெரிந்ததால், இடது பக்கம்தான் அடி வாங்கியது என்று அம்மா அந்தப் பக்கத்துக்கு வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

காதுக்குள் விரல்

பல்வலிதான் கடைசியில் எங்களை நகர்த்தியது. பைபாஸ் ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் போனால், கண்ணாடியை உள்ளே விட இடமில்லை. “இது பல் பிரச்சனை இல்லீங்க” என்று மதுரையில் வாய், முக அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தாய்மாமன் என்ற முறையில் நானும் போனேன். அங்கே எங்களைப் பார்த்தவர் முதுகலை படித்துக்கொண்டிருந்த இளம் டாக்டர். பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. வாயைத் திறக்கச் சொல்லி, மேல்பல் நுனிக்கும் கீழ்ப்பல் நுனிக்கும் நடுவில் ஒரு சின்ன எஃகு ஸ்கேலை வைத்து அளந்தார். 6 மில்லிமீட்டர். நல்ல வாய் என்றால் அவரவர் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி உள்ளே விட முடியவேண்டும் என்றார். அவளுக்கு ஒரு விரல் நுனிகூட நுழையவில்லை.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. பாப்பாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் இரண்டு சுண்டுவிரல்களையும் அவளுடைய இரண்டு காதுத் துவாரங்களுக்குள் விட்டார். விரலின் மெத்தைப் பகுதி முன்பக்கம் பார்க்கிற மாதிரி. “இப்ப திறம்மா, மூடு, திற, மூடு” என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுபோல இருந்தது, ஆனால் கேட்டது விரலால். என்னைக் கூப்பிட்டு, “சார், உங்க காதுல வச்சு முதல்ல பாருங்க” என்றார். நீங்களும் இதை வாசிக்கிறபோதே செய்துபார்க்கலாம். சுண்டுவிரலைக் காதில் விட்டு வாயைத் திறந்தால், விரலுக்கு முன்னால் ஒரு எலும்பு உருண்டை நகர்ந்து முன்னே போவதும், மூடும்போது திரும்ப வந்து விரலை இடிப்பதும் தெரியும். கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேர்கிற மூட்டு அது. இத்தனை வருஷம் விலங்கியல் நடத்தியும், அந்த மூட்டு காதுக்கு இவ்வளவு நெருக்கம் என்பது எனக்கு விரல்வழியாகத்தான் உறைத்தது. அப்புறம் பாப்பாவின் காதில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் லேசாக ஒரு அசைவு. வலது பக்கம் ஒன்றுமே இல்லை, சுவரில் கை வைத்தாற்போல.

நாங்கள் எண்ணெய் தேய்த்தது இடது பக்கத்துக்கு. தட்டையாகத் தெரிகிற பக்கம்தான் நல்ல பக்கம் என்று டாக்டர் விளக்கினார். பூட்டிக்கொண்ட பக்கத்தில் தாடை வளராமல் குட்டையாக நின்றுவிடும், சதையெல்லாம் அந்தக் குட்டை எலும்பின்மேல் திரண்டு கன்னம் புஷ்டியாகத் தெரியும். நல்ல பக்கம் வளர்ந்து, கோணிய மோவாயை எட்ட நீண்டு தட்டையாகிவிடும். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தப்பான பக்கத்தைத்தான் காட்டுவார்களாம். தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுகிற ஓபிஜி எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். திரையில் இடது மூட்டில், தாடையின் உருண்டைக்கும் மண்டையோட்டின் குழிக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு, அதாவது இடைவெளி. வலது பக்கம் அந்தக் கோடே இல்லை. தாடையிலிருந்து கபாலம்வரை வெள்ளையாக ஒரே எலும்பு.

“அடிபட்ட பிறகு வாய்க்குப் பயிற்சி ஏதாவது சொன்னாங்களா?” என்று அவர் கேட்டார். என் தங்கச்சி, “பயிற்சியா? அசைக்காமத்தானே சார் பத்திரமா வச்சிருந்தோம்” என்றாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் என்னவோ எழுதினார். பிறகு எழுதிக்கொண்டே, “கால் ஒடிஞ்சிருந்தா நீங்க செஞ்சது ரொம்பச் சரிம்மா” என்றார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, பேச்சை மாற்றிப் பாப்பாவிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். அந்த ஒரு வரிதான் எனக்குள் வருஷக்கணக்காகக் குடைந்துகொண்டிருக்கிறது.

நடந்தது இதுதான். மோவாயில் நேராக விழுகிற அடி தாடை வழியாக மேலேறிக் காதுக்கு முன்னால் இருக்கிற அந்த உருண்டைகளில் போய் முடிகிறது. வளர்ந்தவர்களுக்கு உருண்டைக்குக் கீழே கழுத்து மெலிந்திருக்கும். ஃபியூஸ் போவதுபோல அது பட்டென்று முறிந்து, அடி கபாலத்தைத் துளைத்துக்கொண்டு போகாமல் காக்கும். சின்னப் பிள்ளைக்குக் கழுத்து குட்டை, தடிமன். உருண்டையோ மேல் ஓடு மெல்லியதாக, உள்ளே ரத்தம் நிறைந்து மென்மையாக இருக்கும். அதனால் கழுத்து முறிவதற்குப் பதில் உருண்டையே மூட்டுக்குள் நசுங்கிவிடுகிறது. எலும்பு வளர்க்கிற சக்தி உச்சத்தில் இருக்கிற வயது, நொறுங்கிய எலும்புத் துண்டுகள், மூட்டு முழுக்க ரத்தம், இடையில் இருக்கவேண்டிய மெத்தென்ற தட்டு விலகிவிட்டது, போதாததற்கு அசைவும் இல்லை. காலில் முறிவைச் சேர்க்கிற அதே முண்டு இங்கே தாடையையும் கபாலத்தையும் சேர்த்துவிடுகிறது. செம்மறி ஆடுகளில் செய்த சோதனைகளில் அந்தத் தட்டின் பங்கு தெளிவாகத் தெரிந்தது: தட்டை எடுத்துவிட்டு எலும்பைச் சிதைத்தால் மூட்டு ஒட்டிக்கொண்டது, தட்டை விட்டுவைத்த இடத்தில் அப்படி ஒட்டவில்லை. பென்சிலின் போன்ற மருந்துகள் வருவதற்கு முன்பு, காதில் சீழ் பிடித்து அது மூட்டுக்குப் பரவிப் பூட்டிக்கொள்வது சகஜம். இப்போது பெரும்பாலும் கீழே விழுந்த அடிதான் காரணம்.

அதனால் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மூட்டு நசுங்கினால், பல் சரியாகக் கடிக்கிறது என்றால், வாயைக் கட்டிப்போடுவதில்லை. கட்டினாலும் ஒரு வாரம், பத்து நாளுக்குமேல் விடமாட்டார்கள். வலி தணிந்த கையோடு திறந்து மூடும் பயிற்சி. மாதக்கணக்கில் வரச்சொல்லி வாய் அகலத்தை அளந்துபார்ப்பது. தையல் பிரித்த அன்றோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடக்கூடாத காயம்.

சிவப்பான பன்றி எலும்பு

அன்றைக்கு ராத்திரியிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். மூட்டு பூட்டிக்கொண்டால் வாய் திறக்காது, சரி. வளர்ச்சி ஏன் நிற்கவேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அதைத் தேடிப் போனால் கதை 1736-க்குப் போகிறது. லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர் ஒரு துணிச்சாயக்காரர் வீட்டில் விருந்து சாப்பிடும்போது, தட்டில் இருந்த பன்றி எலும்பு சிவப்பாக இருப்பதைக் கவனித்தார். சாயத்தொட்டியில் மிச்சமான, மஞ்சிட்டி என்ற சாயச்செடியின் வேர் கலந்த தவிட்டைப் பன்றிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் உள்ள அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள், புதிதாக எலும்பு படிகிற இடத்தில் சுண்ணாம்புச் சத்தோடு பிணைந்து சிவப்பாகத் தங்கிவிடுகிறது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. சாயவேரைக் காய்ச்சிச் சுங்குடிக்குச் சிவப்பு ஏற்றிய மதுரைச் சாயக்காரர்கள் கையில் இருந்ததும் அதே அலிசரின்தான். எத்தனை ஆடுகள் அந்தக் கழிவைத் தின்றனவோ, யார் எலும்பைப் பார்த்தார்களோ.

பிறகு ஜான் ஹன்டர் என்ற இன்னொரு லண்டன் அறுவை மருத்துவர் அந்தச் சாயத்தை வேண்டுமென்றே பன்றிகளுக்குக் கொடுத்துத் தாடை எப்படி வளர்கிறது என்று பார்த்தார். பல்வரிசைக்கு இடம் விடுவதற்காகத் தாடை எல்லாப் பக்கமும் ஊதிப் பெரிதாகவில்லை. காதுப் பக்கம் மேலேறுகிற பின்பகுதியில் புது எலும்பு படிகிறது, அதே பகுதியின் முன்விளிம்பில் பழைய எலும்பு கரைகிறது. இப்படிப் பின்னால் கட்டி, முன்னால் இடித்து, தாடை நீள்கிறது. 1950களில் கோபன்ஹேகனில் ஆர்னே பியோர்க் என்ற பல்சீரமைப்பு ஆய்வாளர் குழந்தைகளின் தாடை எலும்பில் மிகச்சிறிய உலோக ஊசிகளைப் பதித்து, வருஷாவருஷம் எக்ஸ்ரே எடுத்து, எந்த இடம் எங்கே நகர்கிறது என்று அளந்தார். காதுக்கு முன்னால் இருக்கிற உருண்டையில் ஒரு குருத்தெலும்புத் தொப்பி இருக்கிறது. கால் எலும்பின் வளர்ச்சித் தட்டைப்போல அதுவும் தானாகவே தள்ளித் தாடையை வளர்க்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள்.

மெல்வின் மாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களில் அதைத் தலைகீழாகப் புரட்டினார். முகத்து எலும்பு தானாக வளர்வதில்லை, அதைச் சுற்றியிருக்கிற தசையும் நாக்கும் மூச்சும் வேலை செய்கிற தேவைக்கு ஏற்ப வளர்கிறது என்றார். மண்டையோட்டைப் பார்த்தால் அவர் சொல்வது உடனே விளங்கும். பிறந்த குழந்தையின் உச்சிக்குழி துடிப்பதைத் தொட்டுப் பார்த்திருப்போம். மூளை பெரிதாகி ஓடுகளை வெளியே தள்ளத் தள்ள, பொருத்துகளில் புது எலும்பு படிகிறது. உச்சிக்குழி பொதுவாக ஒன்றரை வயதுவாக்கில் மூடுகிறது. ஐந்தாறு வயதில் மூளை வளர்ந்தவர் அளவில் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. முகம் பின்தங்கி வருகிறது. கீழ்த்தாடை எல்லாவற்றுக்கும் கடைசி, பதின்ம வயது முழுக்க வளர்ந்துகொண்டிருக்கும். மாஸ் சொன்னதை அப்படியே முழுசாக ஏற்றுக்கொள்ளாதவர்களும் உண்டு. மரபணுவின் பங்கை அவர் குறைத்துவிட்டார் என்ற விமர்சனம் நியாயமானதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1960களிலும் 70களிலும் இந்த மூட்டு முறிந்த குழந்தைகளை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தவர்கள் கண்டது மாஸின் பக்கம்தான் சாய்கிறது. அறுக்காமல், வாயை அசைக்கவிட்ட சின்னப் பிள்ளைகளில் பலருக்கு முறிந்த உருண்டை மறுபடி செதுக்கப்பட்டு, புதிதாகவே உருவாகியிருந்தது. வயது குறையக் குறைய நன்றாக.

சிலைமான் தாண்டி, கீழடிக்குப் பக்கத்தில் இருக்கிற கொந்தகையில் கிடைத்த பழங்கால மண்டையோடுகளிலிருந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இரண்டு முகங்களை உருவாக்கி 2025-இல் வெளியிட்டபோது, எங்கள் பள்ளியில் எல்லோரும் “நம்ம ஊரு ஆளு மாதிரியே இருக்காருல்ல” என்று பார்த்தார்கள். நான் கன்னத்து எலும்பையும் தசை பிடித்திருந்த மேடுகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தசை இழுத்த தடம் எலும்பில் தங்குவதால்தான் அந்த வித்தையே சாத்தியம். ஒரு ஆள் மென்ற மெல்லலெல்லாம் எலும்பில் எழுதியிருக்கிறது. எங்கள் பிள்ளை நாலு வயதிலிருந்து வருஷக்கணக்கில் மெல்லவே இல்லை.

ஐஸ்குச்சி

எட்டு வயதில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பதே பெரிய பாடு. வாய் திறக்காத பிள்ளைக்குத் தொண்டையில் குழாய் எப்படி விடுவது? வளைகிற கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டு, மூச்சுக்குழலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செலுத்தினார்கள். காதுக்கு முன்னால் கீறி, முகநரம்பின் கிளைகளை ஒதுக்கி, ஒட்டிப்போன எலும்பை வெட்டி எடுத்தார்கள். நெற்றிப்பொட்டுத் தசையின் உறையை ஒரு பட்டையாக மடக்கி இடைவெளியில் வைத்துத் தைத்தார்கள், எலும்பும் எலும்பும் மறுபடி தொட்டுக்கொள்ளாமல் இருக்க. அமெரிக்காவில் கபான் என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் 1990-இல் எழுதிவைத்த வரிசைமுறையை ஒட்டித்தான் இப்போது பல இடங்களில் செய்கிறார்கள். அதன் கடைசிப் படி, விடாத வாய்ப்பயிற்சி. ஆபரேஷன் மேஜையில் 36 மில்லிமீட்டர் திறந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது என் மாப்பிள்ளை ஆஸ்பத்திரி வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்து அழுதார். வண்டி ஓட்டியது அவர்தான் என்பது அவர் மனதைவிட்டு அதுவரை இறங்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. நாலைந்து நாளிலேயே பயிற்சியை ஆரம்பிக்கச் சொன்னார்கள். கீழமாசி வீதியில் ஒரு கடையில் கைவினைக்கு விற்கிற ஐஸ்குச்சிக் கட்டு வாங்கிவந்தோம். சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்து, கடைவாய்ப் பற்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக அடுக்கவேண்டும். நுழைகிற அளவு அடுக்கிய பிறகு, நடுவில் இன்னொரு குச்சியைச் செருகவேண்டும். அந்த இன்னொன்றுதான் பிரச்சனை. அதன் முனையைக் கொஞ்சம் சீவிக்கொண்டு நடுவில் வைத்து அழுத்தினால், மரத்தோடு மரம் உரசி ஒரு ‘கிறீச்’ கேட்கும், பிள்ளையின் கண்ணில் தண்ணீர் முட்டும், கழுத்து நரம்பு புடைக்கும், எச்சில் வழிந்து சட்டை நனையும். பத்து நிமிஷம் அப்படியே வைத்திருக்கவேண்டும். தினமும் பல வேளை. என் தங்கச்சியால் முடியவில்லை. அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பாள். மாப்பிள்ளை தொடவே மாட்டார். ஸ்கூல் விட்டு நேராக வண்டியை அங்கே விடுகிற வேலை எனக்கு வந்தது. “மாமா, இன்னைக்கு ஒண்ணு கம்மி” என்று பேரம் பேசுவாள். ஒரு நாள் கம்மி செய்தால் மறுநாள் குச்சி நுழையாது. வலிக்கிறதே என்று விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் தடவை அறுப்பது முதல் தடவையைவிடக் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. என் கையிடம் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

அம்மாதான் ஆச்சரியப்படுத்தினாள். முதல் வாரம், “அறுத்த எடத்தை இப்படியா போட்டு ஆட்டுவாங்க, படுபாவிகளா” என்று என்னைத் திட்டித் தீர்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து, அவள் காதிலேயே அவள் சுண்டுவிரலை விட்டு, வாயைத் திறந்து மூடச் சொன்னேன். அப்புறம் பாப்பாவின் காதில். இரண்டு பக்கமும் ஏதோ நகர்வதை அவள் விரல் உணர்ந்தது. “இது முட்டி மாதிரில்ல இருக்கு” என்றாள். முட்டியை நீட்டி மடக்காமல் விட்டால் பிடித்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. அதற்குப் பிறகு மணி பார்த்துக் குச்சியை எடுத்துவைப்பதே அவள் வேலையாகிவிட்டது. நெளிகிற பிள்ளையிடம், “சும்மா திற கழுத, அம்மாச்சி பார்க்கணும்” என்று அதட்டுவாள். இத்தனைக்கும் அறிவியல் வாத்தியார் நான்தான். வீட்டில் விளக்கிப் புரியவைத்தது விரல்.

விலா எலும்பா, திருகாணியா

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று விரல் இல்லாவிட்டாலும் இரண்டரை விரல் போகிறது. போன தீபாவளிக்கு முறுக்கைக் கடித்துத் தின்றாள், கறி தின்கிறாள். ஆனால் தாடை இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. குறட்டை குறைந்தாலும் போகவில்லை. தாடை பின்னால் இருந்தால் நாக்கும் பின்னால் போய்த் தூக்கத்தில் மூச்சுவழியை அடைக்கும். ராத்திரித் தூக்கம் கெட்டுப் பகலில் வகுப்பில் தூங்குகிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிற வாத்தியார்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன், இவள் இல்லையென்றால். அதனால் அடுத்த கட்டம் பற்றிப் பேச்சு ஓடுகிறது, எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு கட்சி.

ஒரு வழி, விலாவின் முனையிலிருந்து குருத்தெலும்போடு ஒரு துண்டு எடுத்து மூட்டில் வைப்பது. பிளாஸ்டிக் சர்ஜரி முன்னோடி ஹரால்டு கில்லீஸ் 1920-இலேயே செய்த வேலை. விலா வளர்கிற எலும்பு, தாடையோடு சேர்ந்து வளரும் என்பது கணக்கு. சிலருக்கு அது வளராமல் நின்றுவிடுகிறது, சிலருக்கு அளவு மீறி வளர்ந்து மோவாயை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. எந்தப் பிள்ளைக்கு எப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னொரு வழி, சைபீரியாவில் குர்கான் நகரத்து எலும்பு டாக்டர் இலிசாரோவ் கால் எலும்புக்குக் கண்டுபிடித்தது. எலும்பை வெட்டி, சில நாள் விட்டு, ஒரு திருகாணிக் கருவியால் நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இழுத்தால், இடைவெளியில் புது எலும்பு ஊறும். நியூயார்க்கில் மெக்கார்த்தி குழுவினர் 1992-இல் நாலு குழந்தைகளின் தாடையை இப்படி நீட்டியதைப் பிரசுரித்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. எலும்போடு தசையும் தோலும் நீள்வதுதான் இதன் பெரிய லாபம். நீட்டிய பிறகு, புது எலும்பு கெட்டிப்படும்வரை மாதக்கணக்கில் கருவி தாடையிலேயே இருக்கவேண்டும்.

மாப்பிள்ளை விலா எலும்புக் கட்சி. “ஒரே ஆபரேஷன்ல முடிஞ்சிரும்” என்கிறார். தங்கச்சி, நெஞ்சில் கத்தி வைக்கவே கூடாது என்கிறாள். நான் திருகாணிக் கட்சி, ஆனால் வயதுக்கு வருகிற பிள்ளை முகத்தில் கருவியோடு பள்ளிக்கூடம் போகவேண்டும் என்பதை நினைத்தால் எனக்கும் குரல் இறங்கிவிடுகிறது. பாப்பாவையே கேட்டோம். “நாளைக்கு ரெண்டு தடவை திருகுறதுன்னா யார் திருகுவா?” என்றாள். நான் என்றேன். “குச்சி வச்ச மாதிரி ஏமாத்தாம திருகணும்” என்றாள். தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று முதலில் ஒரு ராத்திரி சோதனை எடுத்துப் பார்ப்போம், அதில் மோசம் என்றால் காத்திருக்கக் கூடாது, பரவாயில்லை என்றால் கொஞ்சம் வளரவிட்டுச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முழுப்பரீட்சை லீவில் படுக்கை கேட்டிருக்கிறோம். காப்பீட்டு அட்டையில் அவள் பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கிறது. அதைத் திருத்த வருகிற திங்கட்கிழமை மாப்பிள்ளை கலெக்டர் ஆபீஸ் போகிறார்.